அறுவை மேசையில் சந்தித்த இரண்டு கண்டுபிடிப்புகள்

எங்க ஊர் புதியம்புத்தூரில் தையல் மிஷின் சத்தம் கேட்காத தெரு குறைவு. என் அத்தை முப்பது வருஷம் உள்பாவாடை தைத்தவர். அவருக்கு இடுப்பில், நாடா இறுகிய தழும்பில், ஆறாத புண் ஒன்று வந்தது. தோல் புற்றுநோய் என்றார்கள். வெட்டி எடுத்த அன்று அத்தை கேட்டது ஒன்றுதான்: "முழுசாப் போயிட்டான்னு கேட்டுச் சொல்லு மருமவனே."

பதில் வரப் பத்து நாள் ஆச்சு. ஓரத்தில் இன்னும் மிச்சம் இருக்கிறதாம். மறுபடியும் அறுவை. இப்போ நல்லா இருக்காங்க. அந்தப் பத்து நாளில் நான் தேடிப் படித்ததுதான் இந்தக் குறிப்பு.

இந்தப் புண் நம் நாட்டு மருத்துவர்களுக்குப் புதிதல்ல. வேட்டி வருஷக்கணக்கில் இறுகிய இடத்தில் வரும் புற்றுநோயைப் பற்றி பம்பாயின் வி. ஆர். கானோல்கரும் சூர்யாபாயும் 1945-லேயே எழுதிவிட்டார்கள்.

அத்தையின் கேள்விக்கு மேசையிலேயே பதில் சொல்ல முயன்றவர் அமெரிக்காவின் ஃபிரெடரிக் மோஸ். 1941-ல் தன் முறையை வெளியிட்டார். கட்டியை மெல்லிய அடுக்காக எடுத்து, அதன் அடிப்பக்கத்தையும் ஓரம் முழுவதையும் நுண்ணோக்கியில் பார்ப்பது. எந்த மூலையில் மிச்சம் இருக்கோ அங்கே மட்டும் மறுபடி வெட்டுவது. நல்ல தோல் வீணாகாது. ஆனால் திசுவை உறைய வைத்து, சீவி, சாயம் ஏற்றிப் பார்க்க ஒவ்வொரு சுற்றுக்கும் 20 முதல் 45 நிமிடம் ஆகும். அதற்கென்று பழகிய ஆட்களும் வேண்டும்.

சீவாமலே பார்க்க முடியாதா? அதற்கான வழி வேறு எங்கிருந்தோ வந்தது. 1950-களின் நடுவில் மார்வின் மின்ஸ்கி என்ற இளைஞர் மூளையின் நரம்பு செல்களைப் பார்க்க ஆசைப்பட்டார். தடித்த திசுவில் ஒளி சிதறிப் படம் கலங்கியது. ஊசித்துளை வழியாக ஒரு நேரத்தில் ஒரு புள்ளியை மட்டும் பார்த்தால், மற்ற ஆழத்திலிருந்து வரும் ஒளி தடுக்கப்படும் என்று கண்டுபிடித்தார். அதுதான் கன்ஃபோகல் நுண்ணோக்கி. 1957-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1961-ல் கிடைத்தது. நல்ல லேசரும் கணினியும் வந்து கருவி சந்தைக்கு வருவதற்குள் காப்புரிமைக் காலமே முடிந்துபோனது!

இதே மின்ஸ்கிதான் 1956-ல் டார்ட்மவுத்தில் 'செயற்கை நுண்ணறிவு' என்ற துறைக்குப் பெயர் வைத்த கூட்டத்தின் அமைப்பாளர்களில் ஒருவர். இருபது வருஷமா கோடு எழுதுற எனக்கு அவரை அந்தப் பக்கம் மட்டும்தான் தெரியும்.

1995-ல் மிலிந்த் ராஜாத்யக்ஷாவும் சக ஆய்வாளர்களும் கன்ஃபோகல் மூலம் உயிருள்ள தோலை வெட்டாமலே பார்த்தார்கள். மெலனின் அதில் பளிச்சென்று தெரியும் என்றும் காட்டினார்கள். பின்னர் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில், வெட்டி எடுத்த திசுவில் சாயம் தடவி, நூற்றுக்கணக்கான சின்னப் படங்களை ஒட்டி ஒரே பெரிய படமாக்கினார்கள். 2009-ல் வெளிவந்த ஆய்வின்படி அதற்கு ஒன்பது நிமிடம் போதும்.

படம் வந்தாச்சு, படிப்பது யார்? கறுப்பு வெள்ளைப் படத்தை மருத்துவர்களுக்குப் பழகிய ஊதா-இளஞ்சிவப்பு நிறத்துக்கு மென்பொருள் மாற்றுகிறது. கற்றுக்கொடுத்த நிரல் சந்தேகமான இடங்களைச் சுட்டிக்காட்டுகிறது. மின்ஸ்கியின் இரண்டு வேலைகளும் இங்கேதான் ஒன்று சேர்கின்றன.

என் தொழில் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு. நிரல் பார்த்ததைத்தான் கற்கும். தோல் நோய்ப் படத் தொகுப்புகளில் பெரும்பாலானவை வெள்ளைத் தோல். கரிசல் காட்டு வெயிலில் கறுத்த தோலில், நாடாத் தழும்பில் வந்த புண்ணை அது எத்தனை முறை பார்த்திருக்கும்? 'மிச்சம் இல்லை' என்று அது தவறாகச் சொன்னால், அதைச் சுமப்பது அத்தை மாதிரி ஒருவர்தான். அதனால் கடைசி முடிவு மருத்துவர் கையில் இருக்கட்டும். நம் ஊர்ப் படங்களும் அந்தத் தொகுப்பில் சேரட்டும்.

அதுவரை நம்மால் முடிந்தது இது: நாடாவைத் தளர்த்திக் கட்டுங்க. இடுப்பில் ஆறாத புண் இருந்தா மஞ்சள் பூசிக் காத்திருக்காம டாக்டரிடம் காட்டுங்க.