மொந்தால்சீனோ: பழைய குன்று, புதிய ஒயின்

இத்தாலியின் தஸ்கனியில், சியனா நகருக்குத் தெற்கே, சுமார் 560 மீட்டர் உயரக் குன்றின்மேல் இருக்கிறது மொந்தால்சீனோ. 1361இல் சியனாக்காரர்கள் கட்டிய கோட்டைக்குள்ளேயே இன்று ஒயின் விற்கிறார்கள். கல்மதிலுக்குள் நின்று புருனெல்லோ என்ற சிவப்பு ஒயினைச் சுவைக்கிறவருக்கு மதிலும் ஒயினும் ஒரே வயது என்றே தோன்றும். அப்படியில்லை. கோட்டை எழுந்தது போருக்காக. 1555இல் சியனா வீழ்ந்தபோது பணிய மறுத்தவர்கள் இங்கே ஏறிவந்து நான்கு ஆண்டுகள் தங்கள் குடியரசை உயிரோடு வைத்திருந்தார்கள். புருனெல்லோவோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவானது. இரண்டையும் ஒரே பழமையாகக் குழப்பிக்கொண்டால், இடைப்பட்ட காலத்தில் அந்த மண்ணைக் கொத்தியவர்கள் கணக்கில் வராமலே போவார்கள்.

அப்போதும் அங்கே ஒயின் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் 1685இல் கவிஞர் பிரான்செஸ்கோ ரெடி தன் நெடுங்கவிதையில் புகழ்ந்தது மொஸ்கதெல்லோவை. அது இனிப்பான வெள்ளை ஒயின். 1850களில் சாம்பல் நோய் தஸ்கனியின் கொடிகளைத் தாக்கியது. அந்தத் தலைமுறையில்தான் நிலக்காரர் கிளெமென்தே சாந்தி சிவப்பு ஒயினில் முனைந்தார். அவருடைய பேரன் ஃபெரூச்சோ பியோந்தி சாந்தி தோட்டத்தின் நல்ல சாஞ்சோவேசேக் கொடிகளைத் தேர்ந்தெடுத்து, வேறு திராட்சை கலக்காமல், ஓக் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் வைத்தார். 1888ஆம் ஆண்டின் ஒயின் புருனெல்லோவுக்குப் பெயர் வாங்கித் தந்தது. ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நிலக்காரரால் முடியும். சுற்றிலும் உழைத்தவர்களோ பெரும்பாலும் பாதிவாரக் குடிகள். அவர்கள் வயலில் திராட்சைக் கொடி மேப்பிள் மரத்தில் ஏறிப் படர்ந்திருக்கும். வரிசைகளுக்கு நடுவே கோதுமை விளையும். விளைந்ததில் பாதி நிலக்காரருக்கு. மீதிப் பாதியில் பிழைக்கிற குடும்பம் ஒயினை எங்கே பூட்டிவைக்கும்? 1964இல் புதிய பாதிவார ஒப்பந்தங்களைச் சட்டம் தடுத்தது. அதற்கு முன்பே பலர் நகரங்களுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள்; பண்ணை வீடுகள் காலியாகின. 1967இல் உற்பத்தியாளர்கள் சங்கம் அமைந்தபோது புருனெல்லோத் தோட்டங்கள் நூறு ஹெக்டேர்கூட இல்லை. இன்று இரண்டாயிரத்தைத் தாண்டுகின்றன. பயணிகள் காலங்காலமானது என்று படமெடுத்துப் போகும் திராட்சைச் சரிவுகளில் பெரும்பகுதி அதற்குப் பிறகு நட்டதுதான்.

அப்படியானால் மரபு என்பதே விற்பனைக்காரர்கள் கட்டிய கதையா? நான் அப்படி நினைக்கவில்லை. மரபின் வயதைவிட அதைக் காப்பதற்கு ஆகும் செலவையே நான் சான்றாகக் கொள்வேன். 2008இல் புருனெல்லோவில் வேறு திராட்சை கலந்ததாகச் சந்தேகம் எழுந்து விசாரணை நடந்தது. வெளிச்சந்தையில் எளிதாக விலைபோகும் மெர்லோ திராட்சையை அனுமதித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று சொன்னவர்களும் உண்டு. உற்பத்தியாளர்கள் அதே ஆண்டு வாக்கெடுத்து, புருனெல்லோவுக்குச் சாஞ்சோவேசே மட்டுமே என்று உறுதி செய்தார்கள். அறுவடைக்குப் பின் விரைவிலேயே விற்பனைக்கு வரும் அவ்வூரின் ரோஸ்ஸோ ஒயினில் வேறு திராட்சை கலக்கலாமா என்ற கேள்வி 2011இல் வந்தபோதும் மறுத்தார்கள். புருனெல்லோவை அறுவடைக்கு அடுத்துவரும் ஐந்தாம் ஆண்டின் ஜனவரிக்கு முன் விற்கக் கூடாது. அதுவரை போட்ட முதல் பீப்பாயிலும் பாட்டிலிலும் முடங்கிக் கிடக்கும். ஒரு காலத்தில் வாரக்குடிகளாக இருந்து, பின்னர் நிலம் வாங்கித் தங்கள் பெயரையே பாட்டிலில் ஒட்டும் சில குடும்பங்களும் இப்போது அப்படிக் காத்திருக்கின்றன.