துளையிட முயன்ற ஒளி

1974ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து இரண்டு ஆய்வுரைகள் வெளிவந்தன. ஒன்றில் வொர்த்தன், விக்கம் என்ற இருவர் கண்ணின் வடிகாலில் ஆர்கான் லேசர் கதிரைச் செலுத்திக் கண்ணழுத்தத்தைக் குறைக்க முயன்றதை விவரித்தனர். மற்றொன்றில் காஸ்டர்லேண்ட், கப்ஃபர் என்ற இருவர் அதே ஆர்கான் கதிரை, ரீசஸ் குரங்குகளின் கண்ணில் அதே இடத்தில் திரும்பத் திரும்பச் செலுத்தி, அழுத்தத்தை உயர்த்தி நோயையே உண்டாக்கிக் காட்டினர். மருந்தாகக் கருதப்பட்டதே நோய்க்கும் வித்தாயிற்று. இது எவ்வாறு நேர்ந்தது என்பதில்தான் கிளாக்கோமாவுக்கான லேசர் சிகிச்சையின் வரலாறு அடங்கியிருக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

இந்நோயைத் தமிழில் 'கண்நீர் அழுத்த நோய்' என்கிறோம். கண்ணும் நீரும் புணர்ந்தால் 'கண்ணீர்' ஆகும் என்பது இலக்கணம். ஆயினும் இங்கே பிரித்து எழுதுவதே நன்று. இந்த நீர் அழுகையின் நீரன்று. கண்ணின் பின்னறையில் இடையறாது சுரந்து, வண்ணத்திரையும் வெளிப்படலமும் கூடும் கோணத்திலுள்ள சல்லடை போன்ற திசுவின் வழியே வடிவது. வடிகால் தடைப்பட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். பார்வை நரம்பின் இழைகள் சிறிது சிறிதாக மடியும். பெரும்பாலோருக்கு வலி இராது. இழந்த பார்வை மீளாது. எஞ்சியதைக் காப்பதொன்றே மருத்துவரால் இயன்றது. புதிய முறை ஒன்றைச் சோதித்துப் பார்க்கத் தம் கண்ணைக் கொடுப்பவர், இருப்பதையும் இழக்கும் ஆபத்தை ஏற்றுக்கொண்டே கொடுக்கிறார்.

1857இல் பெர்லினில் ஃபான் கிரேஃப, வண்ணத்திரையில் ஒரு துண்டைக் கத்தியால் வெட்டி நீக்கி, கோணம் அடைபட்டுத் திடீரெனத் தாக்கும் வகைக்குத் தீர்வு கண்டார். கத்தியின் வேலையை ஒளியால் செய்யலாம் என்ற எண்ணம் ஜெர்மானிய மருத்துவர் மையர்-ஷ்விக்கராத்துக்கு வந்தது. 1945 ஜூலை 9 அன்று நிகழ்ந்த சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் நோக்கிய ஒரு மாணவரின் விழித்திரையில் விழுந்த தழும்பைக் கண்டதே அதற்குத் தூண்டுதல். முதலில் சூரிய ஒளியையே கண்ணாடிகளால் திருப்பிப் பயன்படுத்தினார். பின்னர் செனான் விளக்குக்கு மாறினார். 1956இல் அவ்விளக்கொளியால் வண்ணத்திரையில் துளையும் இட்டார். துளை விழுந்தது உண்மை. ஆனால் வெளிப்படலமும் விழிவில்லையும் சூட்டில் மங்கின. 1960இல் மைமன் ரூபி லேசரை இயக்கிக் காட்டிய பின்னரே, சூட்டை நுண்ணிய புள்ளியில் குவிக்கும் வழி பிறந்தது.

கோணம் திறந்திருந்தும் சல்லடை அடைபடும் வகையே கடினமானது. மாஸ்கோவில் கிராஸ்னோவ் ரூபி லேசரின் மிகக் குறுகிய துடிப்புகளால் சல்லடையைத் துளைக்க முயன்று 1973இல் தம் முடிவுகளை எழுதினார். அழுத்தம் குறைந்தது, சில காலத்தில் திரும்பவும் ஏறியது. அடைபட்ட குழாயைக் குத்தித் திறப்பது யாருக்கும் தோன்றும் உத்திதான். ஆனால் கண் உயிருள்ள உறுப்பு. காயத்தை ஆற்றவே அது முயலும். குரங்குகளின் கண்ணில் நிகழ்ந்ததும் அதுவே: அளவுமீறிச் சுட்ட இடம் தழும்பேறி, இருந்த வழியையும் அடைத்துக்கொண்டது.

இந்நிலையில் இம்முயற்சியைக் கைவிட்டிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஜேம்ஸ் வைஸ் கைவிடவில்லை. துளையிடும் எண்ணத்தை மட்டும் விட்டார். சல்லடை ஒரு வளையம். முதுமையில் அது தளர்ந்து உள்நோக்கித் தொய்கிறது என்று அவர் எண்ணினார். வளையம் நெடுக இடைவெளி விட்டுச் சிறுசிறு சூடுகள் வைத்தால், சுட்ட இடங்கள் சுருங்கி, இடைப்பட்ட பகுதிகள் இழுபட்டு விரியும் என்பது அவர் கணிப்பு. ஆறுதல் என்னும் எந்த இயல்பு முந்தையவர்களைத் தோற்கடித்ததோ, அதையே அவர் துணைக்கு அழைத்தார். 1979இல் ஸ்டான்டன் விட்டருடன் வெளியிட்ட கட்டுரையைத் 'முன்னோட்ட ஆய்வு' என்றே தலைப்பிட்டார். அந்த அடக்கம் நமக்குப் பிடித்திருக்கிறது. முறை பலித்தது. விளக்கம் முழுவதும் சரியா என்பது வேறு வினா. சூட்டால் தூண்டப்பட்ட செல்களே வடிகாலைச் சீர்செய்கின்றன என்பாரும் உண்டு.

பின்னர் நடந்த பெரிய சோதனை 1984இல் தொடங்கியது. 271 நோயாளிகள், ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணில் முதலில் லேசர், மறுகண்ணில் முதலில் டிமோலால் சொட்டுமருந்து. தனக்குத்தானே ஒப்பாக நின்றவர்கள் அவர்கள். லேசர் முதலில் பெற்ற கண் தாழ்ந்துவிடவில்லை என்று 1990இல் தெரிந்தது. ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்லப் பயன் தேய்ந்தது. மீண்டும் சுட்டால் தழும்பின் ஆபத்து. 1996இல் லட்டனோப்ராஸ்ட் என்ற வலிய சொட்டுமருந்தும் வந்துசேர, லேசர் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டது.

இதற்கிடையே 1995இல் லட்டீனாவும் பார்க்கும் இன்னொரு வழியைக் கூறினர். மூன்று நானோநொடியே நீடிக்கும் பச்சைக்கதிரைச் செலுத்தினால் நிறமியுள்ள செல்கள் மட்டுமே அதை உட்கொள்ளும். சூடு அக்கம்பக்கம் பரவுமுன் கதிர் நின்றுவிடும். துளையும் இல்லை, தீய்ந்த தழும்பும் இல்லை. ஆகவே தேவைப்பட்டால் திரும்பவும் செய்யலாம். பிரிட்டனில் 718 பேரிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளியாயிற்று. இக்கதிரை முதலில் பெற்றவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 74 பேருக்கு மூன்றாண்டு முடிவில் சொட்டுமருந்தே தேவைப்படவில்லை. சிகிச்சைக்குச் சில நிமிடங்களே ஆகும். முடித்து எழுபவர், அமருமுன் எவ்வளவு கண்டாரோ அவ்வளவே காண்பார்.