கழலை இல்லாத நோய்: பெண்களின் தைராய்டு குறைபாடு அறியப்பட்ட வரலாறு

தைராய்டு கோளாறு நெடுங்காலம் வெளியே தெரியும் நோயாகவே இருந்தது. ஆல்ப்ஸ் மலையூர்களில் கழுத்து புடைத்தவர்களைப் பார்த்துத்தான் மருத்துவர்கள் அதை அறிந்தார்கள். 1820-இல் ஜெனீவாவின் கோயிண்டே அயோடினைக் கையில் எடுத்ததும் முன்கழுத்துக் கழலையைக் கரைப்பதற்காகத்தான். ஆனால் இன்று ‘எனக்குத் தைராய்டு இருக்கிறது’ என்று சொல்லும் பெண்களில் பலருக்குக் கழுத்தில் எதுவும் தெரிவதில்லை. சோர்வு, குளிர் தாங்காமை, உடல் பருத்தல், மாதவிடாயில் மிகுந்த போக்கு, மந்தம் எனத் தனித்தனியே பார்த்தால் வயதின் மீதோ வீட்டு வேலையின் மீதோ பழி போட்டுவிடக்கூடிய குறிகளே உள்ளன. கழலை இல்லாத இந்தக் குறைபாடு மருத்துவத்தின் கண்ணில் பட்ட வரலாற்றைத் தொடர்ந்தால், அறிவு முன்னேறிய கட்டங்கள் பலவற்றிலும் யாரோ ஒருவர் நோயாளியை அவருடைய முந்தைய நிலையோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார் என்பது புலப்படும். இக்கட்டுரையின் வாதம் அதுவே.

1873-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் நடுவயதுப் பெண்கள் சிலரிடம் கண்ட மாற்றத்தை விவரித்தார். முகம் உப்பி, நாக்கு தடித்து, பேச்சு குழறி, மனமும் வேகம் குறைந்திருந்தது. நன்றாக இருந்த பெண் படிப்படியாக இப்படி ஆனாள் என்பதே அவருடைய விவரிப்பின் உயிர். தைராய்டைக் காரணமாக அவர் சுட்டவில்லை. சில ஆண்டுகளில் வில்லியம் ஆர்டு இதற்கு ‘மிக்ஸிடீமா’ என்று பெயரிட்டார். பிணப் பரிசோதனையில் சுரப்பி சுருங்கியிருந்ததைக் கண்டும், அதை நோயின் விளைவாகவே எடுத்துக்கொண்டார். காரணம் வேறொரு திசையிலிருந்து வந்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோக்கர் கழலைக்காகத் தைராய்டை முழுவதுமாக அகற்றிவந்தார். 1874-இல் அவர் அறுவை செய்த 11 வயதுச் சிறுமியை அதற்கு முன்பு அவளுடைய தங்கையிடமிருந்து பிரித்தறிவதே கடினமாக இருந்ததாம். பின்னாளில் தங்கை வளர்ந்துவிட்டாள். அக்காள் வளர்ச்சி குன்றி, முகம் உப்பி நின்றாள். கோக்கர் பழைய நோயாளிகளைத் திரும்ப அழைத்துப் பார்த்தபோது, முழுச் சுரப்பியையும் இழந்து வந்த 18 பேரில் 16 பேரிடம் இதே சீரழிவு. 1883-இல் இதை வெளியிட்டார். அதே ஆண்டு லண்டனில் ஃபெலிக்ஸ் சீமன், கல் கண்ட பெண்களும் கோக்கரின் நோயாளிகளும் ஒரே குறையால் வாடுகிறார்கள் என்றபோது சபையில் ஏளனமே மிஞ்சியது. அதை ஆராய அமைந்த குழுவோ 1888-இல் அவர் சொன்னதையே உறுதிசெய்தது. நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதி என்றும் பதிந்தது. 1891-இல் நியூகாசிலின் ஜார்ஜ் மரே 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றினார். அவர் தேறி, பின்னர் அதை வாய்வழியே உட்கொண்டு 1919 வரை வாழ்ந்தார். அதற்குள் 870-க்கு மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி செலவானது.

பெண்களுக்கே ஏன் மிகுதி என்ற கேள்வி மட்டும் நெடுநாள் தொங்கிக்கொண்டிருந்தது. 1912-இல் ஜப்பானின் ஹாஷிமோட்டோ நான்கு பெண்களின் சுரப்பியில் வெள்ளணுக்கள் திரண்டிருப்பதை விவரித்தார். 1956-இல்தான் லண்டனில் ராய்ட், டோனியாக் குழுவினர், உடலின் எதிர்ப்பாற்றல் தன் சுரப்பியையே தாக்குகிறது என்பதற்கான எதிர்ப்பொருளை இத்தகைய நோயாளிகளின் இரத்தத்தில் கண்டார்கள். தன்னையே தாக்கும் நோய்கள் பலவும் பெண்களிடம் மிகுதி என்பதால் கேள்விக்குப் பாதி விடை கிடைத்தது. மீதி இன்றும் ஆய்வில்தான்.

அடுத்து வந்தது எண். தைராய்டைத் தூண்டப் பிட்யூட்டரி சுரப்பதும், தைராய்டு குறைந்தால் கூடுவதுமான டி.எஸ்.எச். அளவை இரத்தத்தில் காண முடிந்ததும், முகத்தைப் பார்த்துக் கண்டறியும் காலம் முடிந்தது. இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். முன்நிலையோடு ஒப்பிடுவது பெண்ணின் நினைவையும் மருத்துவரின் பார்வையையும் நம்பியது, இரண்டும் தவறக்கூடியவை, எண் தவறாது அல்லவா? மறுப்பில் வலு இருக்கிறது. 1949-இல் ரிச்சர்டு ஆஷர், மனநோயாளிகளாகக் கொள்ளப்பட்ட மிக்ஸிடீமா நோயாளிகள் 14 பேரைப் பற்றி எழுதினார். அன்று எளிய இரத்தப் பரிசோதனை இருந்திருந்தால் அவர்கள் அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார்கள். குறிகளை மட்டும் நம்பினால் களைத்த பெண்கள் எல்லாரும் நோயாளிகளாகிவிடுவர் என்பதும் உண்மை. ஆனால் எண் செய்வதும் ஓர் ஒப்பீடுதான். ஒருவரை ஊரார் சராசரியோடு ஒப்பிடுகிறது. டென்மார்க் ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தனி ஒருவரின் தைராய்டு அளவுகள் ஓராண்டில் ஏறி இறங்கும் பரப்பு, ஆய்வுக்கூடம் அச்சிடும் பொது வரம்பில் ஏறக்குறையப் பாதிதான். அப்படியானால் வரம்புக்குள் இருக்கும் எண்ணும் ஒருவருக்கு இயல்பை விட்டு விலகியதாக இருக்கக்கூடும். (ஆய்வுக்கு உட்பட்ட 16 பேரும் ஆண்கள் என்பது இந்த வரலாற்றின் விந்தைகளில் ஒன்று.) மறுபக்கம், 65 வயதோ அதற்கு மேலோ ஆன 737 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான சோதனையில், டி.எஸ்.எச். சற்றே கூடியிருந்தவர்களுக்குத் தைராய்டு ஹார்மோன் மாத்திரை கொடுத்து அளவைச் சீராக்கியும் அவர்களுடைய சோர்வு குறையவில்லை. எண்ணைத் திருத்துவதும் நோயாளியைத் தேற்றுவதும் வேறுவேறு.

கர்ப்பகாலத்தில் இந்தச் சிக்கல் முழுவதும் வெளிப்படுகிறது. முதல் மூன்று மாதங்களில் கர்ப்ப ஹார்மோன் தைராய்டைத் தூண்டுவதால் டி.எஸ்.எச். இயல்பாகவே இறங்கும், ஈஸ்ட்ரோஜன் கூடுவதால் தைராய்டு சுரக்கும் தைராக்ஸினை இரத்தத்தில் பிணைக்கும் புரதம் பெருகும். மற்றவர்களுக்கான வரம்பு இவர்களுக்குப் பொருந்தாது. அலட்சியப்படுத்தவும் முடியாது: 1999-இல் ஹேடோ குழுவினர் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பகாலக் குறைபாட்டுக்கு மருந்து பெறாத தாய்மாரின் குழந்தைகள் அறிவுத்திறன் தேர்வில் மற்றவர்களைவிடச் சராசரியாக 7 புள்ளிகள் குறைவாகப் பெற்றார்கள். ஏற்கனவே மாத்திரை உண்பவருக்குக் கருவுற்றதும் அளவைக் கூட்ட வேண்டிவருவது வழக்கம். பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் சுரப்பி அழற்சியுற்று, முதலில் மிகையாகவும் பிறகு குறைவாகவும் சுரப்பது உண்டு. ‘பிள்ளை பெற்ற உடம்பு’ என்று அது தள்ளிவிடப்படுகிறது. கருவுறுவதற்கு முன் எடுத்த ஒரு பரிசோதனைத் தாள் கைவசம் இருந்தால், அடுத்தடுத்து வரும் எண்களை அச்சிட்ட வரம்போடு மட்டுமன்றி அதனோடும் வைத்துப் படிக்கலாம்.