திருமலை ஏற்றமும் டீசல் இன்ஜினின் மூச்சும்

மலையடிவாரத்து அலிபிரி சோதனைச்சாவடியைத் தாண்டும் வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. திருமலைக்கு ஏற 28 நிமிடம், இறங்க 40 நிமிடம். அதற்கு முன்பே போய்ச் சேர்ந்தால் அபராதம். விபத்தைத் தடுக்க வந்த விதி இது. அந்த அரை மணி நேரத்துக்குள் வண்டி ஏறத்தாழ 700 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைந்து, திருமலையைத் தொடும்போது கீழ்த் திருப்பதியைவிட நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவில் இறங்கியிருக்கும். பயணிகள் இதை உணர்வதில்லை. டீசல் இன்ஜின் உணர்ந்தே தீரும்.

அந்த மாற்றத்தை யார் கண்டுபிடித்துச் சொல்வது, எதைக் கொண்டு ஈடுகட்டுவது என்பதற்கு இந்த மலைச்சாலையில் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலான கதை இருக்கிறது.

திருமலை இருந்த சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்த காலம் அது. நடந்தோ டோலியிலோதான் ஏழுமலை ஏற முடியும் என்ற நிலையை 1944-ல் திறக்கப்பட்ட முதல் மலைச்சாலை மாற்றியது. அதன் திட்டத்தில் பொறியாளர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யாவின் பங்கு இருந்தது. திறந்து வைத்தவர் சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப். முப்பது ஆண்டுகள் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அந்த ஒரே சாலைதான். 1974-ல் இரண்டாவது சாலை வந்த பிறகு, புதியது ஏற்றத்துக்கும் பழையது இறக்கத்துக்கும் என்று ஆயிற்று.

நாட்டில் டீசல் வண்டித் தொழில் வேர்பிடித்ததும் அந்த முப்பது ஆண்டுகளில்தான். 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. டாடாவின் டெல்கோ 1954-ல் மெர்சிடிஸ் பென்ஸுடன் கைகோத்து லாரி செய்தது. டீசல் பம்பு செய்ய 1951-ல் பெங்களூரில் மைகோ வந்தது. அன்றைய இன்ஜின்களில் டர்போ கிடையாது. பிஸ்டன் இறங்கும்போது எவ்வளவு காற்று உள்ளே வருகிறதோ அவ்வளவுதான். பம்போ, காற்று குறைந்தது தெரியாமல் அதே அளவு டீசலைத் தள்ளிக்கொண்டிருக்கும். எரியாத டீசல் கரும்புகையாக வெளியேறும், இழுவை குறையும். அந்தக் காலத்து ஓட்டுநர் கண்ணாடியில் புகையைப் பார்த்தும், இன்ஜின் சத்தத்தைக் கேட்டும் கியரை இறக்குவார், ஆக்சிலரேட்டரில் இருந்து காலைத் தளர்த்துவார். காற்றழுத்தத்தை அளந்த கருவி அவருடைய கண்ணும் காதும்தான்.

புகைபோக்கி வழியே வீணாகும் சூட்டுக் காற்றைக் கொண்டே புதுக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்பலாம் என்று சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பியூக்கி 1905-லேயே காப்புரிமை பெற்றிருந்தார். அதுதான் டர்போ. இந்திய லாரிகளில் அது பரவலானது 1990-களில். 1993-ல் டாடாவும் கம்மின்ஸும் ஜாம்ஷெட்பூரில் கூட்டாக இன்ஜின் நிறுவனம் தொடங்கின. சித்தூரில் இருந்து பெங்களூர் போகும் லாரிகளுக்கு டர்போ பெரிய ஆறுதல். சித்தூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 330 மீட்டர், பலமநேர் சுமார் 680 மீட்டர். இடையே மொகிலி கணவாயில் பாரத்தோடு ஏறியாக வேண்டும்.

டர்போ வந்ததும் புதுச் சிக்கல் ஒன்றும் கூடவே வந்தது. டர்போ தரும் அழுத்தம் ஏறி இறங்கும். டீசலும் அதற்கேற்ப ஏறி இறங்க வேண்டும். அதற்காகப் பம்பின் தலையில் ஒரு டயாப்ரம் வைத்தார்கள். இன்ஜினுக்குக் காற்று போகும் வழியான இன்டேக்கில் இருந்து ஒரு சின்னக் குழாய் அங்கே வரும். காற்றழுத்தம் கூடினால் டயாப்ரம் ஸ்பிரிங்கை அழுத்தும், டீசல் கூடுதலாகப் போகும். டயாப்ரம் கிழிந்தால் வண்டி இழுக்காது. இழுவைக்கு ஆசைப்பட்டு, டீசல் அளவை மாற்றும் திருகைக் கூட்டி வைத்தவர்கள் ஏராளம். அவர்களுடைய வண்டிகள் மலையெல்லாம் கரும்புகை விட்டன.

டயாப்ரம் செய்த அந்த வேலையை இன்று சிலிக்கான் சில்லு செய்கிறது. சிலிக்கானை அழுத்தினால் அதன் மின்தடை மாறும் என்று பெல் ஆய்வகத்தில் சார்லஸ் ஸ்மித் 1954-ல் வெளியிட்ட கண்டுபிடிப்பே இதன் அடிப்படை. இன்டேக்கில் பொருத்திய காற்றழுத்தச் சென்சாருக்குள் மெல்லிய சிலிக்கான் தகடு இருக்கிறது. காற்று அதை வளைக்கும் அளவு மின்னழுத்தமாக மாறுகிறது. பொதுவாக அரை வோல்ட்டில் இருந்து நாலரை வோல்ட் வரை. அதைப் படித்து எவ்வளவு டீசல் தெளிக்க வேண்டும் என்று கணினி முடிவு செய்கிறது. 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பிஎஸ்-4 விதியும், 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதியும் வந்த பிறகு, இந்தச் சென்சார் இல்லாத புதிய டீசல் வண்டியே இல்லை எனலாம்.

இந்தச் சென்சாரின் எதிரி கரிதான். புகையின் ஒரு பகுதியை மீண்டும் இன்டேக்குக்குள் விடும் ஈஜிஆர் அமைப்பால் கரியும், இன்ஜின் ஆயில் ஆவியும் சேர்ந்து தார் போலச் சென்சாரின் துளையை அடைக்கின்றன. அப்போது சென்சார் தாமதமாக அல்லது தவறாகப் பேசும். பிக்கப் குறையும், புகை தள்ளும், செக் லைட் எரியும். பாதுகாப்புக்காகக் கணினி இன்ஜின் சக்தியைக் கட்டிப்போடும். ஏற்றத்தின் நடுவே அது நடந்தால் பின்னால் வருபவர்களுக்கும் ஆபத்து.

சோதிக்கும் முறை எளிது. ஸ்கேனரை மாட்டி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்ய வேண்டும். இன்டேக்கில் அப்போது வெளிக்காற்றின் அழுத்தம்தான் இருக்கும். திருப்பதியில் 99 கிலோபாஸ்கல் அளவிலும், திருமலையில் 90, 91 அளவிலும் காட்டினால் சென்சார் சரியாகப் படிக்கிறது. வெகுவாக விலகினால் கழற்றிப் பார்க்கலாம். மின்பாகங்களுக்கான கிளீனர் ஸ்பிரே போட்டுக் கரியைக் கரைத்து, நன்றாக உலரவிட வேண்டும். ஊசி, கம்பி எதையும் துளைக்குள் விடக்கூடாது. உள்ளே இருக்கும் தகடு போய்விடும். ரப்பர் ஓ-ரிங் இறுகிப் போயிருந்தால் மாற்ற வேண்டும். கனெக்டரில் களிம்பு பிடித்திருக்கிறதா, ஒயர் உரசியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பல நேரங்களில் சென்சார் நிரபராதி. டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஓஸ் கிழிந்து காற்று கசியும்; உள்ளதைச் சொன்ன சென்சாரை மாற்றிப் பணத்தைக் கரைப்பார்கள். ஓஸின் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் முதலில் அங்கேதான் கை வைக்க வேண்டும்.

2022 செப்டம்பரில் திருமலைப் பாதையில் மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அவற்றுக்குக் காற்றும் வேண்டாம், டீசலும் வேண்டாம். ஆனால் மொகிலி ஏறும் லாரிகளும், தமிழ்நாட்டில் இருந்து பக்தர்களை ஏற்றிவரும் வேன்களும் பெரும்பாலும் டீசலில்தான் ஓடுகின்றன. மலைப் பயணத்துக்கு முன் பிரேக்கையும் டயரையும் பார்க்கச் சொல்பவர்கள், அப்படியே ஸ்கேனரை மாட்டிக் காற்றழுத்த அளவையும் ஒருமுறை பார்க்கச் சொல்ல வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.