மயக்க மருந்துக்குப் பின் திரும்பாத மூச்சு: குருதியில் காரணம் தேடும் சோதனைகள்

"தங்கச்சிக்கு ஒப்பரேசன் முடிஞ்சும் நாலு மணித்தியாலம் மூச்சு வரேல்லை. மெசினிலதான் வைச்சிருந்தவை."

சத்திரசிகிச்சைக்குத் திகதி குறிக்கப்பட்டிருந்த ஒரு பெண், ஆய்வுகூடத்தில் குருதி எடுக்கும்போது என்னிடம் இப்படிச் சொன்னார். தங்கை 2009 இல் இறந்துவிட்டார். அவருடைய வைத்தியசாலைத் துண்டுகள் எல்லாம் இடப்பெயர்வில் தொலைந்து போயின. சோதிப்பதற்கு எஞ்சியிருந்தது அக்காவின் குருதி மட்டுமே.

மயக்க வைத்தியர்கள் சுவாசக் குழாயைச் செலுத்துவதற்காகத் தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் சக்ஸமெத்தோனியம் என்ற மருந்து, வழமையாகச் சில நிமிடங்களிலேயே ஓய்ந்துவிடும். அதை உடைப்பது பிளாஸ்மாவில் உள்ள பியூட்டிரைல்கொலினெஸ்ரரேஸ் என்ற நொதியம். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பரம்பரையலகைப் பெற்றவர்களில் மருந்து மணிக்கணக்கில் நிற்கும். சுவாசக் கருவி கைவசம் இருந்தால் ஆபத்தில்லை. இல்லையென்றால் உயிர் போகும்.

நொதியத்தின் அளவை மட்டும் பார்ப்பது போதாது. கர்ப்பகாலத்திலும் ஈரல் நோயிலும் அது குறையும். தோட்டத்துக்கு மருந்தடிப்பவர்களிலும் சில கிருமிநாசினிகளால் குறையும். குறைவு பிறப்பால் வந்ததா, இடையில் வந்ததா என்பதை அந்த அளவு சொல்லாது.

இதற்கு வழி கண்டவர்கள் கனடாவின் ரொறன்ரோவில் ஆய்வு செய்த வேர்னர் கலோவும் ஜெனெஸ்ற்றும். 1957 இல் அவர்கள் வெளியிட்ட முறை இன்றும் பயன்படுகிறது. ஒரே மாதிரியை இரண்டு தடவை சோதிப்பார்கள்: ஒருமுறை தனியாக, மறுமுறை டிபியூக்கேன் என்ற விறைப்பு மருந்தைச் சேர்த்து. நொதியம் எத்தனை வீதம் முடக்கப்படுகிறதோ அதுவே டிபியூக்கேன் எண். வழமையான நொதியத்துக்கு ஏறத்தாழ 80 வரும். இரண்டு பரம்பரையலகுகளும் மாறியவருக்கு 20 அளவில் வரும். ஒன்று மட்டும் மாறியவருக்கு 60 அளவில். நொதியம் கூடினாலும் குறைந்தாலும் இந்த வீதம் பெரிதாக மாறாது. இவ்வளவு எளிமையான ஒரு கணக்கு இத்தனை தெளிவாகப் பேசுவது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

டிபியூக்கேனுக்குப் பிடிபடாத இன்னொரு வகையைப் புளோரைட்டால் பிரிக்கும் முறை 1961 இல் வந்தது. நொதியமே இல்லாத வகையில் முடக்குவதற்கு எதுவும் இல்லை, ஆகவே எண்ணும் கிடைக்காது. அங்கே டி.என்.ஏ. சோதனைதான் உதவும். மூன்றாவது நிறமூர்த்தத்தில் உள்ள பரம்பரையலகை முழுமையாக வாசிப்பது நல்லது. மேற்கு நாட்டவரில் கண்ட மாற்றங்களை மட்டும் தேடும் சோதனை எமது பக்க மாற்றங்களைத் தவறவிடலாம். தென்னிந்திய வைசிய சமூகத்தில் அடிக்கடி காணப்படும் குறைபாட்டுக்குக் காரணமான மாற்றம் 2006 இல்தான் வெளியிடப்பட்டது.

ஒரு எச்சரிக்கை: பிளாஸ்மா ஏற்றிய கையோடு மாதிரி எடுத்தால் வருவது கொடையாளியின் நொதியமும் கலந்த விடை. ஏற்ற முன்னரே எடுத்துவிட வேண்டும்.

அந்தப் பெண்ணின் மாதிரியை இச்சோதனை செய்யும் ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பினோம். 61 என்று வந்தது. மயக்க வைத்தியர் வேறு மருந்தைத் தெரிவு செய்தார், சத்திரசிகிச்சையும் சிக்கலின்றி முடிந்தது. தங்கைக்கு இரண்டு பரம்பரையலகுகளும் மாறியிருந்தால், கூடப்பிறந்த தம்பிக்கும் அப்படி இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு என்று அவருக்குச் சொன்னேன். அறிக்கையை அங்கேயே கைத்தொலைபேசியில் படமெடுத்துக் கனடாவில் இருக்கும் தம்பிக்கு அனுப்பினார். பிறகு மூன்று போட்டோகொப்பி கேட்டார், பிள்ளைகள் மூவருக்கும் ஒவ்வொன்றாக.