காவல் கூலி வாங்கினால் களவுக்கும் பொறுப்பு!

உங்கள் மாடு களவு போய்விட்டது. திருடன் அகப்படவில்லை. நஷ்ட ஈட்டை யாரிடம் கேட்பீர்கள்?

பாளையக்காரர் காலத்தில், தூத்துக்குடிக்கு மேற்கே கரிசல் காட்டுச் சம்சாரிக்கு இதில் குழப்பமே கிடையாது. நேரே காவல்காரரிடம் போவார்! ஊருக்கு ‘ஸ்தல காவல்’, வட்டாரத்துக்கு ‘தேச காவல்’ என்று இரண்டு ஏற்பாடு. அதற்கு ஊரார் கூலி கொடுத்தார்கள். பதிலுக்கு, களவு போனதைக் காவல்காரர் மீட்டுத் தரவேண்டும். முடியாவிட்டால் அதன் மதிப்பைத் தன் கையிலிருந்து கட்டவேண்டும்!

‘அடடா, பொற்காலம்!’ என்று சொல்லிவிடாதீர்கள். கூலி தராத வீட்டில் ராத்திரியோடு ராத்திரியாக மாடு காணாமல் போகும். ஓட்டிப்போனது சில சமயம் சாட்சாத் காவல்காரரே! ‘துப்புக்கூலி’ கொடுத்தால் மாடு வீடு திரும்பும்.

1799-ல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801-ல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமானது. பாளையக்காரர்களின் காவல் உரிமையும் பறிபோனது. அதை எடுத்துக்கொண்ட கம்பெனி, வரியை விடவில்லை. ‘திருடன் சிக்காவிட்டால் நான் தருகிறேன்’ என்ற பொறுப்பை மட்டும் நைஸாக விட்டுவிட்டது!

அந்தப் பொறுப்பு திரும்பி வர இருநூறு வருடங்கள் ஆயின. குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு அரசாங்கமே பணம் தரும் சட்டத்தை 1963-ல் நியூஸிலாந்து இயற்றியது. இந்தியாவில் 357-ஏ என்ற சட்டப்பிரிவு அமலானது 2009 டிசம்பர் 31-ல்தான். மாநில அரசு இதற்கென நிதி ஒதுக்கவேண்டும் என்றது அது. தமிழகத்தின் திட்டம் 2013-ல் வந்தது. குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும், பாதிக்கப்பட்டவர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம். 2 மாதத்துக்குள் விசாரணை முடியவேண்டும். 2024 ஜூலையில் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்த பிறகும் இந்த உரிமை தொடர்கிறது.

2020 ஜூனில் இதே மாவட்டத்துச் சாத்தான்குளத்தில், போலீஸ் பிடித்துச்சென்ற அப்பாவும் மகனும் உயிரோடு திரும்பவில்லை. காவலே களவாடிய பழைய கதை... இந்த முறை போனது மாடு அல்ல, உயிர்! நாடே கொதித்தது. ஆளுக்கு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது அரசு.

சரி, ஊர் கொதிக்காத வழக்குகளில்? பேப்பரில் நாலு வரிகூட வராத ஒரு கொலையில் நிர்க்கதியான குடும்பம், இப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாமல் கோர்ட் வாசலில் நிற்கலாம். தெரிந்தால், நீங்களாவது போய்ச் சொல்லுங்கள். அது கருணைத் தொகை அல்ல. காவல் கூலி வாங்கியவர் கட்டவேண்டிய பாக்கி!