நிறம், சுவை, மணம் கடந்து: குடிநீரின் நலம் குறித்த ஒரு வரலாற்றுப் பார்வை



காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றின் கரையில் அமைந்த மாகறலில், மக்தபுப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் பணியில் இருக்கிறோம். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெண்ணிறப் படிவு தங்கும். பிள்ளைகளின் நலன் கருதி, நல்லுள்ளம் கொண்ட ஒருவர் சென்ற ஆண்டு ஆர்.ஓ. இயந்திரம் ஒன்றை வாங்கித் தந்தார். அல்ஹம்துலில்லாஹ். அன்று ஒரு மாணவனின் தாயார் எம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், இயந்திரம் வைக்கும் முன்னால் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தீர்களா?"

நாம் சோதித்திருக்கவில்லை. நீர் தெளிவாக இருந்தது, இயந்திரமும் கிடைத்தது, அத்துடன் கவலை தீர்ந்ததென்று எண்ணியிருந்தோம். அந்தச் சகோதரியின் கேள்விக்கு விடை தேடியபோது நாம் அறிந்துகொண்ட வரலாற்றையே இங்கு எழுதுகிறோம்.

தூய்மை வேறு, நலம் வேறு

மார்க்கச் சட்ட நூல்களின் முதற்பாடமே தண்ணீர்தான். நஜீஸ் விழுந்து நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றில் ஒன்று மாறிவிட்டால் அந்நீர் அசுத்தமாகிவிடும் என்பதில் இமாம்கள் ஒருமித்துள்ளனர். ஷாஃபிஈ மத்ஹபினர் இரண்டு குல்லத் அளவையும், ஹனஃபி மத்ஹபினர் பத்து முழத்துக்குப் பத்து முழம் கொண்ட ஹவ்ளையும் அளவுகோலாகக் கொண்டனர். நம் பழைய பள்ளிவாசல்களின் ஹவ்ளுகள் அந்தக் கணக்கில் எழுந்தவையே.

ஆயினும் இச்சட்டங்கள் உளூவுக்கும் குளிப்புக்கும் உரிய தூய்மையைச் சொல்பவை. கடல்நீர் தூய்மையானது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். அதில் உளூச் செய்யலாம், ஆனால் அதைக் குடித்து எவரும் உயிர் வாழ இயலாது. தூய நீர் அனைத்தும் நலம் தரும் நீர் ஆகிவிடாது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

மதீனாவில் அண்ணலாருக்காக ஸுக்யா என்னும் இடத்திலிருந்து சுவையான நீர் கொண்டுவரப்பட்டதை ஹதீஸ்களில் காண்கிறோம். அபூதல்ஹா (ரலி) அவர்களின் பைருஹா தோட்டத்திற்குச் சென்று அங்குள்ள நல்ல நீரை நபியவர்கள் அருந்துவது வழக்கம். ரூமா கிணற்றை உஸ்மான் (ரலி) அவர்கள் விலைகொடுத்து வாங்கி மக்களுக்கு அர்ப்பணித்ததும் நாம் அறிந்ததே. நல்ல நீரைத் தேடுவதும், அது எல்லாருக்கும் கிடைக்கச் செய்வதும் நம் முன்னோரின் வழியாக இருந்திருக்கிறது.

இப்னு ஸீனாவின் துணி

கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் இரண்டு நீர்களில் எது நல்லது? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மருத்துவ மேதை இப்னு ஸீனா (980–1037) தம் 'அல்கானூன்' நூலில் இக்கேள்வியை எடுத்துக்கொள்கிறார். ஒரே எடையுள்ள இரண்டு துணிகளை இரு நீர்களிலும் நனைத்து, நன்கு உலர்த்தி, பின் நிறுத்துப் பார்க்கச் சொல்கிறார். எந்தத் துணி இலேசாக இருக்கிறதோ, அது நனைந்த நீரே சிறந்தது.

இதன் நுட்பம் எளிது. நீர் ஆவியாகிவிடும், அதில் கரைந்திருந்த உப்புகள் துணியிலேயே தங்கிவிடும். இன்று கையடக்கக் கருவி காட்டும் டி.டி.எஸ்., அதாவது கரைந்துள்ள மொத்தத் திடப்பொருளின் அளவும் இதையே சொல்கிறது. ஈயக் குழாய்களில் ஓடிவரும் நீர் குடலுக்குக் கேடு செய்யும் என்றும் அவர் எச்சரித்தார். வடிகட்டினால் மட்டும் போதாது, கரைந்திருப்பதையும் பார்க்க வேண்டும் என்ற அறிவு அக்காலத்திலேயே இருந்தது.

ஆனால் அந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதைத் துணி சொல்லும், என்ன கரைந்திருக்கிறது என்பதைச் சொல்லாது. எலும்புக்கு உதவும் கால்சியத்துக்கும் எடை உண்டு, எலும்பைக் கெடுக்கும் ஃபுளோரைடுக்கும் எடை உண்டு. இன்றைய டி.டி.எஸ். கருவிக்கும் இதே குறை இருக்கிறது.

சென்னை மாகாணம் கற்ற பாடம்

நம் மண்ணில் நீர் நிர்வாகம் புதிதன்று. எமக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. கலங்கிய நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைக்கும் வழக்கமும் நம் இல்லங்களில் இருந்தது.

சென்னை நகரில் 1772இல் ஏழுகிணறு திட்டம் வந்தது. 1872இல் செங்குன்றம் ஏரி நீர் நகருக்குக் கொண்டுவரப்பட்டது. 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிப்பான்கள் அமைந்தன. மணலும் பின்னர் வந்த குளோரினும் காலரா போன்ற கொள்ளை நோய்களுக்குக் கடிவாளம் இட்டன. இது அல்லாஹ்வின் பேரருள். நீர்ப் பிரச்சினை முடிந்துவிட்டதென்று அன்று பலர் எண்ணியிருக்கக்கூடும்.

ஆனால் 1937இல் வேறொரு செய்தி வெளிவந்தது. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் மக்களின் பற்கள் கறைபட்டிருந்தன, முதுகெலும்பும் மூட்டுகளும் விறைத்துப்போயிருந்தன. ஷார்ட் முதலிய மருத்துவர்கள் ஆராய்ந்து, கிணற்று நீரில் கரைந்திருந்த ஃபுளோரைடே காரணம் என்று மருத்துவ இதழில் எழுதினர். அதற்கு நிறமில்லை, மணமில்லை, அந்த அளவில் சுவையும் இல்லை. பாறையிலிருந்து நீரில் கரையும் அதை மணல் வடிப்பான் தடுக்காது. காய்ச்சினாலும் போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இந்தத் துன்பத்தை நெடுங்காலம் சுமந்தன. ஜப்பானியக் கடனுதவியுடன் 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தடுப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது. நிலத்தடி நீருக்கு மாற்றாகக் காவிரி நீரை அவ்வூர்களுக்குக் கொண்டுசெல்வதே அதன் நோக்கம். நோயின் காரணம் தெரிந்த பின்னும் தீர்வு வர எழுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

பாலாறு கேட்கும் கணக்கு

ஃபுளோரைடைப் பாறை தந்தது. பாலாற்றில் கலந்ததை மனிதர் தந்தனர். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பகுதிகளின் தோல் தொழிலில் நம் சமுதாயத்தினர் பெரும்பங்கு வகித்தனர். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அது உணவளித்தது, பள்ளிகளையும் கல்லூரிகளையும் வளர்த்தது. அதே தொழிலின் கழிவுநீர் உப்பையும் குரோமியத்தையும் மண்ணிலும் கிணறுகளிலும் சேர்த்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற்போனதைக் குறிப்பிட்டது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டையும் நிலைநாட்டியது.

இதை எழுதுவது எவரையும் இகழ்வதற்காகவன்று. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதைக்கூடத் தடுத்த மார்க்கம் நம்முடையது. ஊர்க் கிணற்றைக் கெடுக்கும் ஈட்டத்தில் பரக்கத் இருக்குமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நலம். பாலாறு எங்கள் மாவட்டத்தின் வழியேதான் கடலுக்குப் போகிறது. காஞ்சியில் பட்டுக்குச் சாயமிடுவோருக்கும் அது நெசவோருக்கும் நீரின் குணம் தெரியும், ஏனெனில் கடின நீரில் சோப்பு நுரைக்காது. நூலுக்கு நீர் பார்க்கும் நாம் பிள்ளைகளின் எலும்புக்கும் பார்க்க வேண்டாமா?

எல்லாவற்றையும் நீக்குவதும் தீர்வன்று

ஆர்.ஓ. இயந்திரம் ஃபுளோரைடையும் மிகு உப்பையும் நீக்க வல்லது. அவை உள்ள ஊர்களில் அது பெரும் உதவி. ஆனால் அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்தே நீக்குகிறது, வெளியேற்றும் கழிவுநீரும் மிகுதி. தாதுக்கள் அறவே நீங்கிய நீரை நீண்டகாலம் அருந்துவது குறித்து உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட நூலில் அறிஞர்கள் கவலை தெரிவித்துள்ளனர். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கும் குறைவாகத் திடப்பொருள் கரைந்துள்ள இடங்களில் ஆர்.ஓ. பயன்பாட்டைத் தடைசெய்யுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் மத்திய அரசைப் பணித்தது.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். குழாய் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வழியிலும் வீட்டிலும் கிருமி சேராமல் காப்பது அதுவே. இயந்திரம் அதையும் நீக்கிவிடுவதால், பிடித்துவைத்த நீருக்குக் காவல் இல்லை. பாத்திரங்களை இரவில் மூடிவைக்கவும், பாத்திரத்தினுள் மூச்சு விடாதிருக்கவும், தோல்பையின் வாயில் வாய்வைத்துக் குடிக்காதிருக்கவும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்தவை இன்றைய கேன் தண்ணீருக்கும் பொருந்தும்.

நாம் செய்ய வேண்டியவை

முதலில் நீரைச் சோதிக்க வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். டி.டி.எஸ். மட்டுமன்றி ஃபுளோரைடு, நைட்ரேட், கடினத்தன்மை, கிருமி ஆகியவற்றையும் பார்க்கச் சொல்ல வேண்டும். ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம், வேறு நீர் இல்லாதபோதும் 1.5ஐத் தாண்டலாகாது. நைட்ரேட் 45ஐத் தாண்டலாகாது. எது மிகுந்திருக்கிறதோ அதற்குரிய தீர்வைத் தேடுவதே முறை.

தாயார் மறைந்தபோது எந்த தர்மம் சிறந்தது என்று கேட்ட ஸஅத் பின் உபாதா (ரலி) அவர்களுக்கு, தண்ணீர் என்று அண்ணலார் விடையளித்தார்கள். அவர் கிணறு தோண்டினார். இன்று நம்மில் பலர் பெற்றோர் பெயரால் பள்ளிவாசலுக்கு நீர் இயந்திரம் வழங்குகின்றனர். அத்துடன் ஆண்டுதோறும் ஒரு சோதனைக்கான செலவையும் சேர்த்து வழங்கினால், அந்த ஸதகத்துல் ஜாரியா முழுமை பெறும்.

எங்கள் கிணற்று நீரின் மாதிரியை இப்போது சோதனைக்குக் கொடுத்திருக்கிறோம். முடிவு வந்தபின் இயந்திரம் வேண்டுமா, வேறு வழி வேண்டுமா என்பதை ஜமாஅத் கூடி முடிவு செய்யும், இன்ஷா அல்லாஹ். கேள்வி கேட்ட அந்தச் சகோதரிக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக! நம் பிள்ளைகளுக்கு நலமுள்ள நீரையும், அதைப் பேணும் பொறுப்பை நமக்கும் அவன் அருள்வானாக! ஆமீன்.